காவிரியை நால்வருக்குப் பிரித்தேன்

குழுவாகச் செய்யுங்கள் என்று ஓர் அட்டையைக் கொடுத்தால், கையெழுத்து அழகாக உள்ள பிள்ளை எழுத, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதைப் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். அது பிள்ளைகளின் குற்றமன்று. வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரியாத என் குறை.

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுப் பகைமை மூண்டிருந்த வேளையில், உளவியலாளர் எலியட் அரான்சன் பாடத்தையே துண்டுகளாக்கி, குழுவில் ஒருவருக்கு ஒரு துண்டு மட்டும் கொடுத்தார்; முழுப் பாடத்தையும் அறிய, ஒருவர் மற்றவருக்குக் கற்பித்தே ஆக வேண்டும்.

இவ்வாரம் என் ஏழாம் வகுப்பில் நால்வர் கொண்ட குழுக்களை அமைத்து, ஒவ்வொரு குழுவிலும் ஆளுக்கொரு துண்டாகக் காவிரியை அவ்வாறே பிரித்தேன்: தலைக்காவிரி, 1934இல் முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, கல்லணை, பூம்புகார். வெவ்வேறு குழுக்களில் ஒரே துண்டைப் பெற்றவர்கள் முதலில் தமக்குள் கூடித் தெளிந்த பின்பே, தத்தம் குழுவுக்குத் திரும்பிக் கற்பிக்க வேண்டும்; தயங்கும் பிள்ளைக்குத் துணை கிடைப்பது இந்தக் கட்டத்தில்தான் என்பதால், இதற்கு நேரம் தாராளமாக ஒதுக்கினேன்.

வழக்கமாக வாய் திறவாத சிறுமி ஒருத்தி கல்லணையை விளக்கத் திணறியபோது, யாரும் சிரிக்கவில்லை. "மெதுவாச் சொல்லு, தண்ணி எங்கெங்க பிரியுது?" என்று கேட்டார்கள். அவள் எழுந்து சென்று, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கையும் கரும்பலகையில் வரைந்தாள்.