எட்டில் ஒரு பங்கு

மார்ச் 3, திங்கள்

சிகிச்சை முடிந்து நேராக இங்கே வந்துவிட்டேன். கையில் ஒரு பை. முன்பணமும் இரண்டு வார வாடகைப் பங்கும் அக்கா கொடுத்தது. மருத்துவமனையில் இருந்தவரை காப்பீடு பார்த்துக்கொண்டது, இங்கே அது செல்லாது. இங்கே டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை. குடியை விட்ட எட்டுப் பேர் சேர்ந்து வாடகை கொடுக்கும் வீடு, அவ்வளவுதான். பங்கில் அடங்குவது கட்டில், கரண்ட், தண்ணீர், இணையம், சோப்பு, பினாயில். சாப்பாடு அவரவர் பாடு.

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். ஒரு வாரப் பங்கு, நான் ஒரு வாரம் குடித்த காசைவிடக் கொஞ்சம் அதிகம். அடேயப்பா என்று தோன்றியது. அப்புறம் போதையில் தொலைத்த மூன்று போன், திங்கட்கிழமை லீவுகள், அக்காவின் வளையல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். வளையலோடு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் வீட்டுக்கூட்டம். வார்டன், மேனேஜர் யாரும் கிடையாது. எல்லாம் ஓட்டு. பாத்திரம் யார் கழுவுவது என்பதற்குக்கூட ஓட்டெடுத்தார்கள், முக்கால் மணி நேரம்.

மூத்தவர் ஒருவர் இருக்கிறார், நான்காவது வருஷம் இங்கே. எல்லோருக்கும் அவர் அண்ணன். இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 1975-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில், பால் மொல்லாய் என்பவர் தங்கியிருந்த மறுவாழ்வு விடுதியை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்களாம். அங்கே இருந்தவர்கள் அதே வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்று பெயர். வீட்டை ஓட்டுப்போட்டு நடத்து, செலவை நீயே கொடு, குடித்தவன் உடனே வெளியேற வேண்டும். எங்கள் வீடும் அந்த மூன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

என்னைப் பொருளாளராகப் போட்டுவிட்டார்கள். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை. வளையல் விஷயம் எல்லோருக்கும் தெரியும், நானே சொன்னதுதான். "அண்ணா, ஏன் நான்?" என்றேன். "பணம் எப்படியெல்லாம் காணாமப் போகும்னு உனக்குத்தானே தெரியும்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

ஒரு நீளக் கணக்கு நோட்டு. கட்டியதை நீல மையிலும் பாக்கியைப் பென்சிலிலும் எழுத வேண்டும். வங்கியில் இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் நகராது. சரி, அந்த மட்டில் நிம்மதி.

மார்ச் 24, திங்கள்

சிகிச்சையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் போன் செய்தான். வேறொரு இல்லத்தில் வாடகையே இல்லையாம். பதிலுக்கு அவர்கள் சொல்லும் கிளினிக்குக்குத் தினமும் போய்ச் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டுமாம், பில் காப்பீட்டுக்கு. "நீயும் வந்துடேன்" என்றான்.

அண்ணனிடம் சொன்னேன். கிளினிக் தலைக்கு இவ்வளவு என்று இல்லத்துக்குக் கமிஷன் கொடுக்கும் என்றார். ஃபுளோரிடாவில் இது பெரிய வியாபாரமாகவே நடந்தது. 2018-ல் அமெரிக்காவில் இந்தக் கமிஷனைக் குற்றமாக்கிச் சட்டமே போட்டார்கள். எனக்குத் தோன்றியது இதுதான்: நான் குணமாகிவிட்டால் அந்த வீட்டுக்கு நஷ்டம். மறுபடி குடித்தால் மறுபடி பில்.

ஏப்ரல் 2, புதன்

ஒருவர் தங்கை வீட்டோடு போய்விட்டார். கட்டில் காலி. எட்டில் ஒன்று இப்போது ஏழில் ஒன்று.

ஏப்ரல் 11, வெள்ளி

இதை எழுதாமல் படுக்க முடியாது.

மாடி அறைத் தம்பி இரண்டு வாரம் பாக்கி. வேலை போய்விட்டது என்று சொல்லியிருந்தான், தவணைக்கு ஒத்துக்கொண்டோம். நேற்று ராத்திரி பதினொன்றரைக்குக் குளியலறையில் வாய் கொப்பளிக்கும் சத்தம். நிறுத்துகிறான், மறுபடி கொப்பளிக்கிறான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பத்து வருஷம் நான் போட்ட சத்தம். கதவைத் திறந்து என்னைத் தாண்டிப் போனபோது புதினா வாசம், அதற்கு அடியில் அது.

நான் என்ன செய்தேன்? கீழே வந்து நோட்டைத் திறந்தேன். அவனும் போனால் ஆறு பேர். எட்டுப் பேர் இருந்தபோது கொடுத்ததைவிட ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடும். இரண்டு பேருக்கு அது முடியவே முடியாது, அதில் ஒருவன் நான். ஒருவேளை வெறும் புதினாதானோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். பாட்டிலை ஒளித்து வைத்த காலத்தில்கூட இவ்வளவு நன்றாகப் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்று காலை அண்ணனிடம் சொன்னேன். நேற்றே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சோதனைக் கப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மூச்சுக்கருவி மறுநாள் காட்டாமல் போகலாம், இந்தச் சிறுநீர்ச் சோதனை இரண்டு மூன்று நாளானாலும் காட்டிக்கொடுத்துவிடும். தம்பி கப்பை வாங்கவே இல்லை. பையை எடுத்து அடுக்க ஆரம்பித்தான்.

கூட்டம் ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை. எல்லாக் கைகளும் உயர்ந்தன, என்னுடையது கடைசியில். அண்ணனே அவனை, உடம்பிலிருந்து போதையை இறக்கும் நச்சுநீக்க வார்டு வரை கொண்டுபோய்விட்டு வந்தார்.

ஏப்ரல் 12, சனி

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 2006-ல் வந்த ஆய்வு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சிகிச்சை முடித்த 150 பேரில் பாதிப் பேரை இப்படிப்பட்ட வீடுகளிலும் மீதிப் பேரை வழக்கமான பின்சிகிச்சையிலும் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, வழக்கமான பக்கம் ஏறக்குறைய 65 சதவீதம் பேர் குடியிலோ போதையிலோ இருந்தார்கள், வீட்டுப் பக்கம் 31. ஒரு மாதமாக அந்த 31 எனக்குத் தெம்பாக இருந்தது. இன்று பால் எடுக்கப் போனபோது அதைப் படிக்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

புதிதாக இரண்டு பேருக்கு நேர்காணல். ஒருவரை எடுத்தோம்.

மாலை தம்பி வார்டிலிருந்து போன் செய்தான். "அண்ணா, என் கட்டில் இருக்கா?" என்று கேட்டான். ஆள் வந்தாச்சு, இன்னொன்று காலி, ஆனால் முப்பது நாள் தெளிவாக இருந்துவிட்டு எல்லோரையும் போல நேர்காணலுக்கு வரவேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பாக்கி எவ்வளவு என்றான். சொன்னேன். "நோட்டுல இருக்கட்டும், அழிச்சிடாதீங்க" என்றான்.

அழிக்கவில்லை. பென்சில் மங்கலாக இருந்தது, மேலேயே இன்னொரு தடவை எழுதினேன். புதன்கிழமை கரண்ட் பில் கட்ட வேண்டும், இன்னும் இரண்டு பேர் தரவில்லை.