உபுண்டு 24.04-க்கு மாறிய ஞாயிற்றுக்கிழமை

என் லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பு இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. குறை என்று எதுவும் இல்லை. 24.04 பதிப்பு 2024 ஏப்ரலிலேயே வந்துவிட்டாலும், ஆகஸ்ட் கடைசியில் அதன் முதல் திருத்தப் பதிப்பான 24.04.1 வரும்வரை காத்திருந்தேன். அதன் பிறகும் தள்ளிப்போட்டேன். காரணம் தமிழ்99 விசைப்பலகை. நாள் முழுக்கத் தமிழில் தட்டுவதுதான் என் வேலை. அது இயங்காமல் போனால் திங்கட்கிழமை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து உட்கார்ந்தேன். முதலில் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். அப்புறம் பழைய பதிப்பில் பாக்கியிருந்த அப்டேட்களை முடித்து, ரீஸ்டார்ட் செய்து, சார்ஜரைச் செருகிவிட்டு ஆரம்பித்தேன். வெளியிலிருந்து நாம் சேர்த்த ரெப்போக்களை, அதாவது மென்பொருள் இறக்கும் முகவரிகளை, அணைத்துவைப்பதாக ஒரு அறிவிப்பு வந்தது. அவற்றின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டேன். பிறகு அது உதவியது.

பாதியில் எழுந்து போய்விட்டால் வேலை நின்றுவிடும். நாம் கைவைத்து மாற்றிய கான்ஃபிகரேஷன் ஃபைல்களை (மென்பொருள்களின் அமைப்புகள் இருக்கும் ஃபைல்களை) அப்படியே வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று நடுநடுவே கேட்டு, பதிலுக்காகக் காத்திருக்கும். நான் மாற்றியதாக நினைவிருந்ததைப் பழையபடியே விட்டேன். எல்லாம் முடிய இரண்டரை மணி நேரம் ஆனது.

ரீஸ்டார்ட் ஆனதும் வேறெதையும் பார்க்கவில்லை. டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து, மொழியை மாற்ற சூப்பர் கீயோடு (விண்டோஸ் சின்னம் போட்ட கீ) ஸ்பேஸ் பாரை அழுத்தி, அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினேன். ‘அம்மா’ என்று வந்தது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுவது தமிழ்99-இன் அழகு. அந்தப் புள்ளி விழுந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ங, க தட்டினேன், ‘ங்க’ வந்தது. சரி, இனி நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது மிகச் சிறிய ஒரு வசதி. மெயிலில் படம் இணைக்க ஃபயர்ஃபாக்ஸில் ஃபைல் தேர்வுப் பெட்டியைத் திறந்தால், முன்பு பெயர்ப் பட்டியல்தான் வரும். எண்களாக நீளும் நாற்பது பெயர்களுக்குள் அண்ணன் வீட்டு வளைகாப்புப் படத்தை எப்படித் தேடுவது? இப்போது படங்களே சிறிய கட்டங்களாகத் தெரிகின்றன. 2004-லேயே கேட்கப்பட்ட வசதி இது. உபுண்டுவின் திரைத் தோற்றத்தைத் தரும் க்னோம் என்ற மென்பொருளில், 2023-இல் வந்த 44-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. 22.04-இல் இருந்தது க்னோம் 42, 24.04-இல் இருப்பது 46. அதனால் எனக்கு இப்போதுதான் கைக்கு வந்தது.

வலது மேல் மூலையைத் தட்டினால் வைஃபை, புளூடூத், இரவு வெளிச்சம் எல்லாம் பெரிய பொத்தான்களாக வருகின்றன. ஹெட்போனை அங்கிருந்தே இணைக்கலாம். செட்டிங்ஸுக்குப் போக வேண்டியதில்லை. இடது மூலையில் ‘ஆக்டிவிட்டீஸ்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ஒரு சிறு கோடும் புள்ளிகளும் இருக்கின்றன. திறந்த ஜன்னல்களைப் பிரித்து வைக்கும் வொர்க்ஸ்பேஸ்களில் எதில் இருக்கிறோம் என்பதை அது காட்டுகிறது. பழக இரண்டு நாள் பிடித்தது.

எடுத்த வேலை முடிந்தபாடில்லை: பிடிஎஃப் வேலைக்கு நான் வைத்திருந்த ஒரு மென்பொருள் திறக்கவே மறுத்தது. தாளை எடுத்துப் பார்த்தேன். அதன் ரெப்போவில் புதிய பதிப்புக்கான முகவரி தனியாக இருந்தது. அதைச் சேர்த்து மறுபடி நிறுவியதும் திறந்துகொண்டது.

அந்த ஞாயிறு இரவு, ஃபோல்டர்களைப் பார்க்கும் ஃபைல்ஸ் செயலியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எல்லா ஃபோல்டர்களிலும் ஒரே நேரத்தில் தேடிப் பார்த்தேன். எங்கே சேமித்தேன் என்று மறந்தே போயிருந்த ஒரு கட்டுரையின் கைப்பிரதி, டவுன்லோட்ஸுக்குள் மூன்றாவது அடுக்கில் கிடந்தது. அதைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கிவிட்டேன்.