ஃப்ளாட்டுக்கு எந்த நாய்? சதுர அடியை விடுங்கள், மே மாதத்தைப் பாருங்கள்

"வீடு 900 சதுர அடிதான், சின்ன நாயா ஒண்ணு சொல்லுங்க." நாய் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். சதுர அடிக்கும் நாயின் உயரத்துக்கும் நினைப்பது போலச் சம்பந்தம் இல்லை. வளர்ந்த கிரேட் டேன் 50 கிலோவைத் தாண்டும், ஆனால் வீட்டுக்குள் பாதி நாள் படுத்தே கிடக்கும். 10 கிலோ பீகிள் அதே ஹாலில் சோபாவைக் கடித்து, குப்பைக்கூடையைக் கவிழ்த்து, ஆள் இல்லாத நேரத்தில் ஊளையிட்டு மாடி முழுவதையும் எழுப்பிவிடும். சென்னையில் முதலில் பார்க்க வேண்டியது வெயில். அடுத்தது குரல். மற்றதெல்லாம் அப்புறம்.

நாய்க்கு நமக்கு வேர்ப்பது போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சு இளைக்கும்போது வாயிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாகும். உடம்புச் சூடு இறங்குவது முக்கியமாக அதனால்தான். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது மந்தமாகிவிடும். கடலோரப் புழுக்கத்தில், வெப்பநிலை 35 டிகிரிதான் என்றாலும் நாய் திணறுவது இதனால்.

இப்போது பக், பிரெஞ்சு புல்டாக், இங்கிலீஷ் புல்டாக் போன்ற தட்டை முகங்களை யோசியுங்கள். மூக்குத் துவாரம் குறுகல். அண்ணத்தின் பின்பக்க மென்சதை அளவுக்கு மீறி நீண்டு மூச்சுப் பாதையை மறைக்கும். இளைக்க இளைக்க அந்தச் சதை வீங்கும், காற்று குறையும், சூடு ஏறும், நாய் இன்னும் வேகமாக இளைக்கும். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐ நெருங்கினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். கத்திரி வெயிலில் கரண்ட் போன மதியம் ஒன்றே போதும். 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் வந்த பக்கைப் பார்த்து ஊரே மயங்கியது. அந்த முகத்துக்கு இந்த ஊர்க் காற்று ஒத்துவராது என்பதுதான் என் முடிவு.

ஏற்கெனவே இப்படி ஒரு நாய் வீட்டில் இருந்தால், மே மாதத்தில் காலையிலேயே இரண்டு பக்கெட் தண்ணீர் பிடித்துக் குளியலறையில் வைத்துவிடுங்கள். மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும், முதலுதவிக்கு உதவாது. நாய் தள்ளாடினாலோ, ஈறு செக்கச்செவேலென்று ஆனாலோ, அந்தத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, உடனே டாக்டரிடம் கிளம்புங்கள். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

ஹஸ்கிக்கு ஏசி போட்டால் போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஏசி சூட்டைத் தணிக்கும். பல மைல் வண்டியிழுக்க வளர்க்கப்பட்ட உடம்பு ஓடக் கேட்பதை அது தணிக்காது. அந்த ஓட்டத்துக்கு இங்கே விடிகாலை ஐந்து மணியை விட்டால் நேரம் கிடையாது. கோல்டன் ரிட்ரீவருக்கு அடர்ந்த இரட்டை ரோமம். அதற்குள் உண்ணி ஒளிந்தால் விரலுக்கு எளிதில் அகப்படாது. நம் ஊர் உண்ணி வீட்டுக்குள்ளேயே, சுவர் இடுக்கிலும் கதவு நிலையிலும் முட்டையிடும் வகை. உண்ணி கடித்து நாய்க்கு வரும் காய்ச்சல் இங்கே ஆண்டு முழுக்க உண்டு. குட்டை ரோமம் என்றால் தினமும் ஐந்து நிமிடம் தடவிப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

குரல் விஷயம். பீகிள், வேட்டையில் ஆளைக் கூப்பிடுவதற்காகவே உரக்கக் குரல் கொடுக்கும்படி வளர்க்கப்பட்ட இனம். நம் ஊரில் பாமரேனியன் என்று விற்கப்படும் இந்தியன் ஸ்பிட்ஸ், லிஃப்ட் கதவு திறந்தாலே குரைக்கும். மின்பின் எனப்படும் மினியேச்சர் பின்ஷரும் அப்படித்தான், போதாததற்கு அதன் முன்கால் எலும்பு மெல்லியது, சோபாவிலிருந்து குதித்தே உடைத்துக்கொள்ளும். உங்கள் வாசல் லிஃப்டுக்கு நேர் எதிரே இருக்கிறதா, பால்கனி தெருநாய்கள் படுக்கும் பக்கம் பார்க்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால், குரைக்கும் இனங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நாய் வந்த பிறகு தெரியவந்தால், பால்கனி கிரில்லின் கீழ்ப்பாதியை ஷீட் கட்டி மறைத்தால் பாதித் தொல்லை தீரும்.

மேற்கு மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடிகள் நிறைய. அங்கே ஒரு கேள்வி போதும்: காலில் அடிபட்ட நாயை நீங்கள் ஒருவரே தூக்கிக்கொண்டு இறங்க முடியுமா? லாப்ரடார் 30 கிலோ. குணத்தில் அதற்கு ஈடு குறைவு, ஆனால் தினம் இரண்டு வேளை, முப்பது நாற்பது நிமிட நடை கிடைக்காவிட்டால் குண்டாகும், இடுப்பு மூட்டு தேயும். வழவழப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் தரையில் வழுக்கி வழுக்கி வளரும் குட்டிக்கு அந்தத் தொல்லை கூடும். நாய் புழங்கும் வழியில் ரப்பர் மேட் விரித்துவிடுங்கள். டாஷ்ஹண்டுக்கு எடை பிரச்சினை இல்லை, குட்டை ரோமம், வெயிலும் தாங்கும். முதுகு நீளம் என்பதால் படி ஏறி இறங்கினால் தண்டுவட டிஸ்க் பிதுங்கலாம், பின்னங்கால்கள் செயலிழந்துவிடக்கூடும். லிஃப்ட் உள்ள வீடு, சோபாவுக்கு ஒரு சறுக்குப் பலகை, இவை இருந்தால் அது நல்ல தேர்வு. குரல் மட்டும் உடம்புக்கு மீறியது.

ஷிட்ஸூவுக்கும் முகம் தட்டைதான், பக் அளவுக்கு மோசமில்லை. ஏசியும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்டும் செலவும் ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளலாம். கண் துருத்திக்கொண்டிருப்பதால் சுலபமாகப் புண்ணாகும். கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

மண்ணின் இனம் என்ற பெருமையில் சிப்பிப்பாறையையோ கன்னியையோ ஃப்ளாட்டில் வைக்க ஆசைப்படுவார்கள். இரண்டும் முயல் துரத்தும் ஓட்டக்கார நாய்கள். வெயில் அவற்றுக்குப் பொருட்டில்லை, சுவர்கள்தான் பொருட்டு. ராஜபாளையமும் கோம்பையும் காவல் புத்தி உள்ளவை, நாளுக்கு இருபது டெலிவரிப் பையன்கள் வரும் வராந்தா அவற்றுக்கான இடமல்ல. தோட்டமும் காம்பவுண்டும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

ஃப்ளாட்டுக்கு என் முதல் பரிந்துரை, நாம் தெருநாய் என்று தாண்டிப்போகும் நாட்டு நாய். குட்டை ரோமம், நீண்ட மூக்கு, 15 முதல் 20 கிலோ, இந்த வெயிலிலேயே தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைத்த உடம்பு. குறை என்னவென்றால் எல்லைப் புத்தி, புது ஆளைக் கண்டால் குரைக்கும். அதனால் குட்டியாக எடுப்பதைவிட, கருத்தடை செய்த ஒன்றரை இரண்டு வயது நாயைத் தத்தெடுப்பது நல்லது. அதன் குணம் ஏற்கெனவே வெளியே தெரிந்திருக்கும். காப்பகத்துக்குப் போய், கதவருகே பாத்திரத்தைத் தட்டிப் பாருங்கள், அந்நியர் ஒருவரை நடக்கவிட்டுப் பாருங்கள், அது எவ்வளவு நேரத்தில் அமைதியாகிறது என்று கவனியுங்கள். கிண்டியில், வேளச்சேரி மெயின் ரோட்டில் புளூ கிராஸ் காப்பகம் இருக்கிறது.

குட்டிதான் வேண்டும் என்றால் ஃப்ளாட்டில் ஒரு சிக்கல். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் பயத்தால் 16 வாரத்தில் தடுப்பூசி வரிசை முடியும்வரை தெருநாய்கள் புழங்கும் இடத்தில் இறக்கிவிட முடியாது. மூன்று மாதக் குட்டி அதிகபட்சம் நான்கு மணி நேரம்தான் சிறுநீரை அடக்கும். எனவே வீட்டுக்குள்ளேயே ட்ரே வைக்க வேண்டும், பகலில் ஆள் வேண்டும். பால்கனியைக் கழுவிவிட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் சொட்டிய நாளில் அசோசியேஷன் கூட்டம் உறுதி.

அசோசியேஷன் நாயையே தடைசெய்ய முடியாது. விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் செல்லாது, லிஃப்டையும் மறுக்கக் கூடாது. கயிறு கட்டி அழைத்துப்போவதும் மலத்தை அள்ளுவதும் உங்கள் கடமை. மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கிடைக்காது.

விலைக்கு வாங்குவதானால், நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017 விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. தாயைக் காட்டச் சொல்லுங்கள். ஷிட்ஸூ என்றால் குட்டி தூங்கும்போது குறட்டை வருகிறதா, மூக்குத் துவாரம் கீறல் போல மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு, பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். "பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, குட்டியைக் கையில தரேன்" என்பவரிடம் தாயும் இருக்காது, தடுப்பூசி அட்டையும் நம்பத்தக்கதாக இருக்காது. அவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.