முழுக்க எடுத்துப்போட்டினமோ?

எங்கட பக்கம் ஆருக்கும் கான்சர் ஒப்பரேஷன் முடிஞ்சால், பார்க்கப் போற எல்லாரும் கேட்கிறது இதைத்தான். புதுக்குடியிருப்பில சின்னம்மாவின்ர வீட்டில நானும் கேட்டனான். மறுமொழி றிப்போட்டில வந்தது: மார்பில வெட்டியெடுத்த துண்டின்ர விளிம்பில புற்றுக்கலங்கள் இருக்காம், எண்டால் உள்ளுக்கு இன்னும் மிச்சம் இருக்கலாம். திரும்பவும் பஸ், வாட்டு, மயக்க மருந்து.

அதில வெட்டின டொக்டரைக் குறை சொல்ல மாட்டன். கட்டி எங்க முடியுது, நல்ல இழையம் எங்க தொடங்குது எண்டது கண்ணுக்கும் விரலுக்கும் முழுசாப் பிடிபடாது. அந்த விளிம்பை ஒளிரவைக்கிற சாயங்களைப் பற்றித்தான் இதை எழுதுறன்.

உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பிக்கிறபடியால் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை காட்டுறனான். முருங்கையிலையைக் கசக்கி ஸ்பிரிட்டில ஊறவிட்டு வடிச்சு, கடையில கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா லைற்றுக்குக் கீழ பிடிச்சால், பச்சைச் சாறு இரத்தச் சிவப்பாய் ஒளிரும். பச்சையம் ஊதா ஒளியை உறிஞ்சி, சக்தி குறைஞ்ச சிவப்பாய் வெளிவிடுது. புளோரொளிர்வு எண்டது இதுதான்.

செடி பச்சையத்தையும், எங்கட உடம்பு இரத்தத்தைச் சிவப்பாக்கிற ஹீமையும் கட்டத் தொடங்குறது ஒரே பொருளில இருந்து: 5-அமினோலெவுலினிக் அமிலம். மூளையில வாற கிளையோமா கட்டிக்கு இதையே மருந்தாய்க் குடிக்கக் குடுக்கினம், மயக்க மருந்துக்கு ஏறத்தாழ மூண்டு மணித்தியாலம் முன்னம். கட்டியின்ர கலங்களில அது புரோட்டோபோர்பிரின் எண்ட ஒளிரக்கூடிய பொருளாய் மாறித் தேங்கும். நீல ஒளி பட்டால் அந்த இடம் மட்டும் சிவக்கும். 2006இல வெளிவந்த ஜேர்மன் ஆய்வில, ஸ்கானில தெரியிற கட்டி முழுசாய் எடுபட்டது சாதாரண முறையில 36 வீதம் பேருக்கு. இந்த முறையில 65 வீதம். பச்சையத்தின்ர உறவுக்காரன் ஒருத்தன் செய்யிற வேலை இது. வகுப்பில சொல்லேக்க எனக்கு இண்டைக்கும் மெய் சிலிர்க்கும்.

மார்புக்கு வேற சாயம். பெகுலிசியானின், அமெரிக்காவில 2024இல அனுமதி கிடைச்சது. ஊசியில ஏத்தேக்க ஒளிராது. புற்றுப்பகுதியில கூடுதலாய் இருக்கிற நொதியங்கள் அதை வெட்டின பிறகுதான் ஒளிரும். கட்டி எடுத்த குழிக்குள்ள டொக்டர் கருவியை விட்டுப் பார்ப்பார். ஆய்வில 357 பெண்களில 27 பேருக்கு, விடுபட்ட புற்று அதே மயக்கத்திலேயே எடுபட்டது. ஆனால் முதல் வெட்டின துண்டின்ர விளிம்பில புற்று நிண்ட 62 பேரில 9 பேருக்குத்தான் இரண்டாம் ஒப்பரேஷன் தேவைப்படாமல் போனது. இந்தச் சாயம் கிடைச்சிருந்தாலும் சின்னம்மா அந்த 9இலயோ மிச்ச 53இலயோ எண்டு ஆர் சொல்லுவார்? சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் வரும்.

அதால ஆய்வுகூட றிப்போட் வரும்வரை காத்திருக்கத்தான் வேணும். விளிம்பில இருக்கு எண்டு வந்தால் தயவுசெய்து திரும்பப் போங்கோ. அறுவடை முடியட்டும் எண்டு தள்ளிப்போடாதேங்கோ.