ஆம்னி வேனின் அடியில் 'டங்'

நிலக்கோட்டையிலிருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வாரத்தில் ஆறு நாள் ஓடுகிற வண்டி எங்களுடையது. 2009 மாடல் ஆம்னி. பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பூ மூட்டை ஏற்றுவோம். போன ஆவணியில் அதில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. ஃபர்ஸ்ட் கியர் போட்டுக் கிளட்சை விட்டதும் 'டங்'. ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்டுக்கு மாற்றினால் இன்னும் பலமாக, இரும்புக் கதவில் சுத்தியலால் ஒரு போடு போட்ட மாதிரி.

ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போயிருச்சு, இறக்கணும்" என்றார்கள். 14,000 ரூபாய், நாலு நாள். முகூர்த்த மாசத்தில் நாலு நாள் வண்டி நின்றால் பூ வாடிவிடும். அதைவிட, அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னது எனக்கு மனசு ஒப்பவில்லை.

வாடிப்பட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். வண்டியைத் தொடுவதற்கு முன், "எப்ப எப்ப வருதுன்னு எழுதிட்டு வா தம்பி" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் மார்க்கெட்டிலிருந்து காலி வண்டியாகத் திரும்பும்போது ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். மூன்றாவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் ஒரு 'டங்', மிதித்தால் ஒரு 'டங்'. கிளட்சை மிதித்தபடி உருளவிட்டால் சத்தமே இல்லை. கிளட்ச் மிதித்தே வேகத்தடையில் ஏறி இறங்கினேன், அப்போதும் இல்லை. ஆக, பட்டை புஷ் (பின்பக்க ஸ்பிரிங் பட்டையின் முனையில் இருக்கும் ரப்பர்), ஷாக் அப்சார்பர் பக்கம் போக வேண்டியதில்லை. இழுவை திசை மாறும்போது மட்டும் வருகிறது என்றால், எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரைக்குமான வரிசையில் எங்கோ ஒரு ஆட்டம் இருக்கிறது.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார்: "முன்னாடி கீச் கீச்சுன்னு ஏதாவது கத்துச்சா?" கத்தியது! இரண்டு மாதத்துக்கு முன் வண்டி மெதுவாக நகரும்போது சிட்டுக்குருவி மாதிரி ஒரு சத்தம், வேகம் கூடக் கூட அதுவும் வேகமாக. பிரேக் என்று நினைத்து விட்டுவிட்டேன். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் நீள ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி ஒரு இணைப்பு இருக்கும், அதுதான் கிராஸ். கிரீஸ் வற்றினால் அது அப்படித்தான் கத்துமாம்.

முதலில் எஞ்சின் மவுண்டிங்கைப் பார்த்தோம், அதாவது எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விட்டேன். அவர் பக்கத்தில் நின்று எஞ்சினைப் பார்த்தார். லேசாக அசைந்து நின்றது, துள்ளவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, பட்டறைக் குழிமேல் வண்டியை நிறுத்தி இருவரும் இறங்கினோம். (குழி இல்லாதவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள்.)

நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்தபடி ஷாஃப்டைத் திருப்பச் சொன்னார். கொஞ்சம் திரும்பி 'டிக்' என்று நின்றது. அது பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்களின் பற்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. அடுத்து, ஒரு கையால் ஷாஃப்டின் பின்முனையையும் மறு கையால் ஹவுசிங் (கிரவுன் பினியன் இருக்கும் கூடு) பக்கத்து ஃபிளாஞ்சையும், அதாவது ஷாஃப்ட் மாட்டியிருக்கும் தட்டையும், பிடித்து எதிரெதிராக முறுக்கினேன். இரண்டும் ஒரே துண்டு மாதிரி நகர்ந்திருக்க வேண்டும். ஃபிளாஞ்ச் அப்படியே நிற்க, ஷாஃப்ட் மட்டும் கையில் தனியாக அசைந்தது. கிராஸின் முனையை மூடியிருக்கும் கிண்ணத்தைச் சுற்றிச் செங்கல் தூள் மாதிரி சிவப்புத் துரு. அதே 'டங்', சின்னதாக, என் கைக்குள்ளேயே கேட்டது.

கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டார். மாறி மாட்டினால் அதிர்வு வருமாம். கியர்பாக்ஸ் பக்கம் ஷாஃப்டை உருவியதும் ஆயில் ஒழுகியது, கீழே ஒரு டப்பா வைத்திருந்தோம். வைஸில் வைத்துப் பழைய கிண்ணத்தைத் தள்ளி எடுத்தபோது உள்ளே இருந்த நீடில் பேரிங்கில் (ஊசி மாதிரி மெல்லிய உருளைகள்) பாதி பொடியாகக் கொட்டியது. கிராஸின் தண்டில் ஒவ்வொரு ஊசியும் பதிந்த பள்ளம், நகத்தால் தடவினால் வரிவரியாக மாட்டியது. முன்பக்கக் கிராஸ் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் இரண்டையும் மாற்றினோம். கிராஸ் இரண்டு, ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய். மூன்று மணி நேர வேலை.

அந்த ஒர்க்‌ஷாப்காரர்கள் ஏன் கியர்பாக்ஸ் என்றார்கள் என்று யோசித்தேன். ஆம்னியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் நம் சீட்டுக்கு அடியிலேயே இருக்கின்றன. பின்னால் அடிக்கிற சத்தம் ஷாஃப்ட் வழியாக வந்து காலடியில் கேட்கிறது. காது ஏமாறத்தான் செய்யும், கை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

முன்சக்கர இழுவைக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த நீள ஷாஃப்ட் கிடையாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்று வந்தால் சக்கரத்தோரத்து ஆக்சில் ஜாயிண்டைப் பாருங்கள், ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். நேராகப் போகும்போது ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் ஒரு 'டங்' என்றால் எஞ்சின் மவுண்டிங், கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ் ஆகியவற்றைப் பாருங்கள்.

எங்கள் வண்டியில் ரிவர்ஸிலிருந்து மாற்றும்போது ஒரு சின்ன 'டிக்' இன்னும் இருக்கிறது. கிரவுனின் இடைவெளிதான் அது. எவ்வளவு என்று தெரிய, ஃபிளாஞ்சிலும் ஹவுசிங்கிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஷாஃப்டைத் திருப்பிக் கோடு எவ்வளவு விலகுகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கிறேன். போன மாதமும் அதே நாலு மில்லிமீட்டர்தான்.