ஐசோ பாட்டில் மூணாவது தடவையும் பச்சை

நாலு நாளாவே ஒரு சந்தேகம் இருந்துச்சு, இன்னிக்கு காலைல கன்பார்ம். மட்டிக்குத் தீனியா நான் வளக்குற ஐசோகிரைசிஸ் (சுருக்கமா ஐசோ, கண்ணுக்குத் தெரியாத பொடி ஆல்கா), லைட் டீ கலர்ல இருக்க வேண்டிய பாட்டில் பச்சப் பசேல்னு நிக்குது. பக்கத்து ரேக்ல இருக்குற இன்னொரு ஆல்கா, பச்சைக் கலர் நானோகுளோராப்சிஸ் (நானோ), உள்ள பூந்திருச்சு. ரெண்டு லிட்டர், மூணு வார வேலை, மறுபடியும் சிங்க்ல.

இத்தனையும் மட்டிக்காகத்தான். கலர் கலரா மேண்டில்ங்கிற சதை மடிப்ப விரிக்கிற டிரைடாக்னா, அதான் ராட்சச மட்டி, ஏன் வைக்கலன்னு வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க. லட்சத்தீவுப் பக்கம் இருக்குற மாக்சிமா, ஸ்குவாமோசான்னு அதோட ரகங்கள எல்லாம் 2001லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல சேத்தாச்சு, யாராச்சும் கடைல காட்டுனாகூட நான் கை வைக்க மாட்டேன். அதனால நம்ம ஊரு மட்டி. அத்தை பழவேற்காட்டுல இருந்து குழம்புக்கு வாங்கிட்டு வந்ததுல 14 எடுத்து ஒதுக்கி வச்சு, நாலடி கடல் தண்ணி டேங்க்ல மண்ணுக்குள்ள விட்டேன். அஞ்சே நிமிஷத்துல கால நீட்டிப் பொதஞ்சுகிச்சு, மேல ரெண்டு ஓட்டை மட்டும், ஓரத்துல பொடிப்பொடியா விளிம்பு. கை நிழல் பட்டாலே உள்ள இழுத்துக்கும்.

டிரைடாக்னாவாச்சும் லைட்டுலயே நெறைய சாப்பாடு தேத்திக்கும், இதுக்கு அந்த வழியே கிடையாது, தண்ணில மெதக்குற ஆல்காதான் சோறு, அதையும் நம்ம ஸ்கிம்மர் (தண்ணில இருக்குற அழுக்க நுரையா பிரிக்கிற மெஷின்) வழிச்சு எடுத்துடுது. மோசம் என்னன்னா பட்டினி கிடந்தாலும் வெளிய தெரியாது. ஓடு அப்படியே இருக்கும், உள்ள சதை வத்திட்டே போகும். ரெண்டாவது மாசம் ஒண்ணு வாயப் பொளந்துச்சு, எடுத்துப் பாத்தா சதை ஈரப் பேப்பர் மாதிரி ஒட்டிட்டு கிடக்கு. இப்ப 14ல மிச்சம் 5. "குழம்புல போயிருந்தா நிம்மதியா போய்ச் சேந்திருக்கும்"னு வீட்டம்மா சொல்றாங்க, என்னத்த பதில் சொல்ல.

அப்ப ஊத்துனது ஐசோன்னு நம்பி வாங்குன பாட்டில், ஆனா அது நானோ! பச்சையா இருந்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நானோ 2-3 மைக்ரான் சைஸ், செல் சுவர் கெட்டி, மட்டிக்கு சரியா செரிக்காது. ஐசோவுக்கு சுவரே இல்ல. வித்தவர்கிட்ட கேட்டா "எல்லாம் பைட்டோதான் சார்"ங்கிறார், அதாவது மெதக்குற ஆல்கா எல்லாம் ஒண்ணுதானாம். அப்புறம் ஒரு நண்பர் புண்ணியத்துல நிஜ ஐசோ, அதுவும் நம்ம வெயில் தாங்குற தாகிட்டி ரகம் கிடைச்சுது. ஸ்கிம்மர நாலு மணி நேரம் நிறுத்திட்டு ஊத்துவேன், ரெண்டே வாரத்துல ரெண்டு மட்டி ஓட்டு ஓரத்துல வெளுத்த புது விளிம்பு, நான் ஓட்டுல போட்டு வச்ச மார்க்கர் கோட்டத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் இருக்கும். ஊருக்கே போட்டோ அனுப்பினேன்.

சரி, பச்சை எப்படி உள்ள வருது? பாட்டில ராத்திரி முழுக்க பிளீச்ல போட்டு தயோசல்பேட்ல முறிச்சேன், கடல் தண்ணிய குக்கர்ல மூணு விசில் விட்டேன், பிளாஸ்க் வாய்க்கு பஞ்சு அடைச்சேன். எல்லாம் பண்ணியும் வருது. கடைசில இன்னிக்குதான் கண்ல பட்டுச்சு. ஏர் பம்ப் தரைல இருக்கு, பாட்டில் எல்லாம் மேல் ரேக்ல, ரெண்டு கல்ச்சருக்கும் ஒரே கேங் வால்வ், அதான் பம்ப் காத்த பல டியூபுக்குப் பிரிச்சு விடுற வால்வ். கரண்ட் போனா டியூப் வழியா தண்ணி பின்னாடி இறங்கி வால்வுக்கு வந்துடுது, கரண்ட் வந்ததும் பம்ப் அந்தப் பச்சைத் தண்ணிய அப்படியே ஐசோவுக்குள்ள ஊதி விடுது. போன வாரம் ராத்திரி ரெண்டு தடவ கட். வால்வக் கழட்டினா உள்ள பச்சையா பிசுபிசுன்னு ஒரு துளி. அந்த ஒரு துளிக்குத்தான் மூணு மாசமா பாட்டில் கழுவிட்டு இருந்திருக்கேன்.

கொளத்தூர் மீன் கடைப் பக்கம் போய் லைனுக்கு ஒண்ணா எட்டு செக் வால்வ் (தண்ணி பின்னாடி வராம தடுக்குறது) வாங்கணும், இருபது ரூபா சாமான். பம்பயும் பாட்டிலுக்கு மேல ஏத்திடப் போறேன். அப்படியே மரக்காணம் பக்கம் இறால் ஹேச்சரில வேல பாக்குற பையன்கிட்ட கீட்டோசிராஸ்ங்கிற இன்னொரு ஆல்கா கேட்டிருக்கேன், அது சூட்டுக்கு நல்லா நிக்கும், ஆனா சிலிகேட் போட்டு வளக்கணும், அது டேங்க்ல இறங்கினா கண்ணாடி பூரா பழுப்பாயிடும். அதனால மட்டிக்கு மட்டும் ஸ்கிம்மர் இல்லாம தனியா ஒரு இருபது லிட்டர் தொட்டி போடலாமான்னு யோசனை, இன்னும் வீட்ல சொல்லல. பின்னாடி எடுத்து வச்ச கால் லிட்டர் பழைய ஐசோ இருக்கு, ஏர் லைன் இல்லாம கையால ஆட்டி ஆட்டி வச்சிருக்கேன், இப்போதைக்கு அது இன்னும் டீ கலர்தான்.