எழுபது வயதுக்கு மட்டும் ஒரு கடிதம்

லண்டனில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள தனியார் உடற்பயிற்சி நிலையமொன்றில், நீச்சல் குளத்தில் நடக்கும் பயிற்சி வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் போனேன். எழுபது வயதைக் கடந்தவர்கள் குடும்ப வைத்தியரிடமிருந்து உடற்தகுதிக் கடிதம் கொண்டுவந்தால்தான் சேரலாம் என்றார்கள். ஐம்பது வயது இதய நோயாளியிடம் எந்தக் கேள்வியும் இல்லை. இத்தகைய கடிதங்கள் தேசிய சுகாதார சேவையின் இலவசப் பணிகளுக்குள் அடங்காததால் வைத்தியர்கள் அவற்றுக்குத் தனிக் கட்டணம் அறவிடலாம். ஆகவே அந்த விதி, முதியவர்மீது மட்டும் விழும் செலவாகவும் இருந்தது.

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் வயது பற்றிய பாதுகாப்பு வேலையிடத்துக்கு மட்டுமே உரியது என்று நம்மவர் பலர் எண்ணியிருக்கிறார்கள். 2012 அக்டோபர் 1 முதல், பொதுமக்களுக்குப் பொருளோ சேவையோ வழங்கும் எவரும் 18 வயது நிரம்பியவர்களை வயதைக் காரணங்காட்டிப் பாகுபடுத்துவதையும் அது தடுக்கிறது. வட அயர்லாந்துக்கு மட்டும் இது பொருந்தாது. ஆயினும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது: நியாயமானதொரு நோக்கத்தை அடைவதற்கு அந்த விதி அளவான வழிதான் என்று காட்ட முடிந்தால், நேரடி வயதுப் பாகுபாடும் சட்டத்துக்கு உட்பட்டதே. அதைக் காட்டும் பொறுப்பு விதியை வைத்தவருடையது என்பதே என் வாதத்தின் உயிர்நாடி.

சமத்துவ ஆலோசனை மற்றும் ஆதரவுச் சேவையின் இலவசத் தொலைபேசி எண்ணை அழைத்தேன். அவர்கள் நமக்காக நீதிமன்றத்தில் வாதாட மாட்டார்கள்; ஆனால் எதை, எப்படி எழுத்தில் கேட்பது என்று பொறுமையாக விளக்கினார்கள். அதன்படி, இந்த விதியின் நோக்கம் என்ன, எழுபது என்ற எல்லையை எந்தத் தகவலின் அடிப்படையில் வகுத்தீர்கள், எல்லோருக்கும் ஒரே உடல்நலக் கேள்வித்தாளைக் கொடுத்தால் அந்நோக்கம் நிறைவேறாதா என்று மகளின் உதவியுடன் கடிதம் எழுதினேன். காப்புறுதி நிறுவனம் கேட்பதாகப் பதில் வந்தது. அப்படியானால் ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை உள்ள பகுதியை அனுப்புங்கள் என்று கேட்டபின் நீண்ட மௌனம்.

இதைப் படிப்பவர்கள் காலக்கெடுவில் கவனமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் கவுன்டி நீதிமன்றத்தில் வழக்குப் பதிய, சம்பவம் நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவான அவகாசமே உண்டு. நிறுவனத்துடன் கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. எனவே அடுத்த கடிதத்தில், குறித்த தேதிக்குள் விளக்கம் வராவிட்டால் வழக்குத் தொடுப்பேன் என்று எழுதினேன்.

வயதைச் சேவையில் எங்குமே பார்க்கக் கூடாது என்று நான் வாதிடவில்லை. அதே நிலையம் அறுபது கடந்தவர்களுக்குப் பகல் நேரக் கட்டணத்தைக் குறைக்கிறது. வயதுச் சலுகைகளைச் சட்டம் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது, நானும் மகிழ்ச்சியோடு பெறுகிறேன். காப்புறுதி, கடன் போன்ற நிதிச் சேவைகளுக்கும் தனி விலக்கு உண்டு. அங்குகூட இடரைக் கணிக்கும்போது வயதைக் கருதுவதானால், பொருத்தமான, நம்பத்தகுந்த தகவலைக் கொண்டே கருத வேண்டும்.

இறுதியில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மன்னிப்போ இழப்பீடோ இல்லை. வயது நிபந்தனை நீக்கப்பட்டு, புதிதாகச் சேரும் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் நடைமுறைக்கு வருவதாக மட்டும் இருந்தது. இரத்த அழுத்தம் பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்ததால், பயிற்றுநர் என்னைத் தனியே அழைத்து மாத்திரைகளைப் பற்றி விசாரித்தார். அப்படிக் குறிக்கும் எவரிடமும் அவர் அதையே கேட்பார் என்பதால் எனக்கு அதில் ஆட்சேபனை இருக்கவில்லை.